தேக்கடி ஏரியின் இருதளப் படகுகள்

தேக்கடி இருதளப் படகுகள் என்பவை, கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள பெரியாறு நீர்த்தேக்கத்தில் வனவிலங்குகளைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விசைப்படகுகள் ஆகும். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் கேரள வனத்துறையும் இப்படகுகளை இயக்கி வருகின்றன. இவற்றுள் ஒன்றான 'ஜலகன்யகா' 2009 செப்டம்பர் 30 அன்று மாலை கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கேரளத்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் நடந்த பெரும் விபத்துகளுள் இதுவும் ஒன்று.

இவ்விபத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே காரணத்தையே சொல்வர்: "கரையில் விலங்கைக் கண்டதும் எல்லாரும் ஒரே பக்கம் ஓடினார்கள், படகு கவிழ்ந்தது." ஓடியது உண்மைதான். ஆனால் விலங்குகளைக் காட்டுவதற்கென்றே விடப்பட்ட படகில், விலங்கைக் கண்டால் மக்கள் ஒரு பக்கம் திரள்வார்கள் என்பது எதிர்பாராத செயலா? அப்படித் திரண்டாலும் கவிழாத படகு வேண்டுமானால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? பள்ளி இயற்பியல் தெரிந்த எவரும் இதற்கு விடை காணலாம்.

ஏரி உருவான விதம்

தேக்கடி ஏரி இயற்கையான ஏரி அன்று. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றின் நீரை மலைக்கு இப்பால் கொண்டுவருவதற்காக, ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் பின்னால் தேங்கிய நீரே இந்த ஏரி. 1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் முடிந்தது. சுரங்கம் வழியே மலையைக் குடைந்து வரும் இந்நீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்துவிட்டுப் பிறகு வைகையில் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு ஆதாரம் இதுவே.

அடுத்த பள்ளத்தாக்கில், வருசநாட்டு மலையில் பிறந்து கடமலைக்குண்டு வழியாக வரும் மூல வைகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தாலும் படகு விடும் ஆறு அன்று. அதனால் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை பக்கத்துப் பிள்ளைகளில் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாக ஏறும் படகு, பள்ளிச் சுற்றுலாவில் குமுளி மலைப்பாதை ஏறிப்போய்த் தேக்கடிப் படகுத்துறையில் வரிசையில் நின்று ஏறும் படகாகவே இருக்கிறது. நீச்சல் அறிந்தவர் அவர்களில் குறைவு.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். ஆனால் அகன்று விரிந்த பரப்பாக அது இல்லை. பள்ளத்தாக்குகளுக்குள் விரல்விரலாக நீர் புகுந்து நிற்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய காட்டு மரங்களின் பட்டுப்போன தண்டுகள் நூற்றாண்டு கடந்தும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் அமர்ந்து சிறகு உலர்த்தும் காட்சியே தேக்கடியின் அடையாளப் படமாகிவிட்டது. நீர்மட்டம் ஏறி இறங்குவதால் இத்தண்டுகளில் எது வெளியே தெரியும், எது நீருக்குள் மறைந்திருக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். இங்கே படகோட்டுபவருக்கு ஏரியின் அடி மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இருதளம் ஏன்?

யானை, காட்டெருமை, மிளாமான், காட்டுப்பன்றி ஆகியவை நீர் அருந்தவும் கரைப் புல்லை மேயவும் ஏரியோரம் வரும். கோடையில் உட்காட்டில் தண்ணீர் வற்றும்போது அதிகம் வரும். அவற்றைப் பார்க்க உயரமான இடம் வேண்டும். கீழ்த்தளத்தில் அமர்ந்தவருக்கு முன்னிருப்பவரின் தலையும் கரைமேடும் மறைக்கும். மேல்தளத்தில் இருப்பவருக்குக் காடு முழுதும் தெரியும். ஒரே நீளப் படகில் இரு மடங்கு ஆள் ஏற்றலாம் என்ற வருமானக் கணக்கும் உண்டு. ஆகவே இருதளப் படகு பயணிக்கும் பிடித்தது, இயக்குபவருக்கும் பிடித்தது. படகின் சமநிலைக்கு மட்டும் பிடிக்காதது.

படகு ஏன் நிமிர்ந்து நிற்கிறது?

மிதக்கும் படகின் மீது இரண்டு விசைகள் செயல்படுகின்றன. படகு, இயந்திரம், ஆட்கள் எல்லாவற்றின் எடையும் ஒரு புள்ளி வழியாகக் கீழ்நோக்கி இழுக்கிறது. அது ஈர்ப்பு மையம். படகு விலக்கிய நீரின் உந்துவிசை இன்னொரு புள்ளி வழியாக மேல்நோக்கித் தள்ளுகிறது. அது மிதப்பு மையம். படகு நேராக நிற்கும்போது இவ்விரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும்.

படகு ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கத்து அடிப்பகுதி கூடுதலாக நீரில் அமிழ்கிறது. எனவே மிதப்பு மையமும் அதே பக்கம் நகர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கித் தள்ளும் விசை படகை மீண்டும் நிமிர்த்தப் பார்க்கிறது. இந்த மேல்நோக்கிய விசைக்கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டா மையம் என்று பெயர். அது ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் படகு நிமிரும். கீழே போய்விட்டால், சாய்ந்த படகு மேலும் சாயும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலான உயரத்தை இங்கே 'நிலைப்பு உயரம்' என்று வைத்துக்கொள்ளலாம். படகின் உயிர் இந்த ஓர் அளவில்தான் இருக்கிறது.

படகு அகலமாக இருந்தால் மெட்டா மையம் உயரும். பாரம் அடியில் இருந்தால் ஈர்ப்பு மையம் தாழும். சரக்கில்லாமல் கிளம்பும் தோணியின் அடியில் மணலோ கல்லோ பாரமாக ஏற்றும் வழக்கம் இதற்காகவே. இயற்பியல் நூல் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே கடலோடிகள் கண்டறிந்த உண்மை இது. இருதளப் படகு இதற்கு நேர் எதிராக நடக்கிறது. எடையில் பெரும்பங்கான மக்களை அது மேலே ஏற்றுகிறது.

ஒரு கணக்கு

இனி வருவது எடுத்துக்காட்டுக்கான எண்கள் மட்டுமே, எந்த ஒரு படகின் அளவும் அன்று. ஆட்களோடு சேர்த்து 20 டன் எடையுள்ள படகு ஒன்றின் நிலைப்பு உயரம் 1 மீட்டர் என்க. ஆளுக்கு 60 கிலோ வீதம் 30 பேர், அதாவது 1.8 டன், 2 மீட்டர் தூரம் ஒரு பக்கமாக நகர்கிறார்கள். நகர்ந்த எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் 3.6. அதைப் படகின் எடையையும் நிலைப்பு உயரத்தையும் பெருக்கி வரும் 20ஆல் வகுத்தால் 0.18. சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு இதுவே. கோணம் ஏறத்தாழ 10 பாகை. பயணிகள் அலறுவார்கள், படகு தாங்கும்.

அதே படகின் நிலைப்பு உயரம் அரை மீட்டர்தான் என்றால்? விடை 0.36, கோணம் ஏறத்தாழ 20 பாகை. நிற்பவரின் கால் வழுக்கத் தொடங்கும். வழுக்குபவர் தாழ்ந்த பக்கத்தில் போய் விழுவார். அதனால் சாய்வு மேலும் கூடும்.

இப்போது, கீழ்த்தளத்தில் இருக்க வேண்டிய 40 பேர், அதாவது 2.4 டன், 2 மீட்டர் உயரத்தில் உள்ள மேல்தளத்துக்கு ஏறிவிட்டார்கள் என்று கொள்க. படகின் ஈர்ப்பு மையம் 24 சென்டிமீட்டர் மேலே போகிறது. அரை மீட்டர் நிலைப்பு உயரம் 26 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. இந்த நிலையில் முன்போலவே 30 பேர் ஒரு பக்கம் நகர்ந்தால் விடை 0.69. கோணம் ஏறத்தாழ 35 பாகை. உண்மையில் அந்தக் கோணம் வரை படகு காத்திருக்காது. அதற்கு முன்பே பக்க விளிம்பு நீருக்குள் போய்விடும். உள்ளே நீர் புகுந்தபின் இந்த எளிய கணக்கு செல்லாது.

கவனிக்க வேண்டியது, மூன்று முறையும் ஓடியவர்கள் அதே 30 பேர்தான், ஓடிய தூரமும் அதே 2 மீட்டர்தான். முடிவை மாற்றியது அவர்கள் ஓட்டம் அன்று. அவர்கள் ஏறுவதற்கு முன்பே அந்தப் படகிடம் மிச்சமிருந்த நிலைப்பு உயரம்தான்.

தாம்பாளத்துத் தண்ணீர்

சாய்வைக் கூட்டும் இன்னொரு காரணம் படகுக்குள் தேங்கும் நீர். அகலமான தாம்பாளத்தில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தால் இது விளங்கும். சற்றே கை தாழ்ந்தாலும் தண்ணீர் முழுவதும் அப்பக்கம் ஓடி, கையை மேலும் தாழ்த்தும். அதே தண்ணீரைச் சொம்பில் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. படகின் அடியில் தடுப்புகள் வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பது இதற்காகத்தான். தடுப்பு இல்லாத அடித்தளத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றாலும் படகு நிமிரும் திறனில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது.

ஜலகன்யகா

'நீர்க்கன்னி' என்று பொருள்படும் ஜலகன்யகா, ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழையால் கட்டப்பட்ட இருதளப் படகு. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானது. விபத்தின்போது அது ஓடத் தொடங்கி இரண்டு மாதங்கூட நிறையாத புதுப்படகு. பழைய, மக்கிய படகு உடைந்து மூழ்கியதாகப் பலர் எண்ணிக்கொண்டிருப்பது சரியன்று.

நவராத்திரி விடுமுறையை ஒட்டிய நாள்கள் அவை. மாலைப் பயணத்துக்கு நல்ல கூட்டம். 75 பேர் என்ற அளவுக்கு மேல், 80க்கும் அதிகமானோர் படகில் இருந்தனர். பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர், தமிழ்நாட்டினரும் அவர்களுள் இருந்தனர். படகுத்துறையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, மணக்கவலை என்ற இடத்தருகே, மாலை 5 மணியளவில் கரையோர விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டனர். படகு சாய்ந்தது, நிமிரவில்லை. யாரும் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. கீழ்த்தளத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கு வெளியேற வழியும் இல்லை, நேரமும் இல்லை. படகு கவிழ்ந்தால் மேல்தளம் என்பது கீழ்த்தளத்தாரின் வழியை அடைக்கும் கூரையாகிவிடுகிறது.

அருகிலிருந்த மற்றப் படகுகள் சிலரைக் காப்பாற்றின. அதன்பின் இருட்டிவிட்டது. காட்டின் நடுவே சாலை இல்லாத இடம். உதவிக்கு வருவோரும் படகில்தான் வர வேண்டும். கொச்சியிலிருந்து கடற்படை முக்குளிப்போர் வரவழைக்கப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை இறுதியில் 45 ஆனது.

ஓய்வுபெற்ற நீதிபதி இ. மொய்தீன் குஞ்சு தலைமையில் கேரள அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. படகின் நிலைப்புத்திறன் குறைவு, மிகையான கூட்டம், உயிர்காப்புச் சட்டை இல்லாமை ஆகியவை விசாரணையில் முன்னுக்கு வந்தன. குற்ற வழக்கு மிக மெதுவாகவே நகர்ந்தது. பத்தாண்டு நினைவு நாள் வந்தபோதும் நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை தொடங்கியிருக்கவில்லை.

தூக்குக்குண்டுச் சோதனை

ஒரு படகின் நிலைப்பு உயரத்தை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனார் சுவர் பிடிக்கும் தூக்குக்குண்டு போதும். காற்றில்லாத வேளையில் படகைத் தளர்வாகக் கட்டி நிறுத்தி, நடுவில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவர். எடை தெரிந்த இரும்புக் கட்டிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவர். குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பர். மேலே சொன்ன 20 டன் படகில் 200 கிலோவை 3 மீட்டர் நகர்த்தும்போது, 2 மீட்டர் நூலில் தொங்கும் குண்டு 12 சென்டிமீட்டர் விலகினால் நிலைப்பு உயரம் அரை மீட்டர். 6 சென்டிமீட்டர் மட்டும் விலகினால் 1 மீட்டர். மாணவர்கள் இதைக் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

கப்பல் கட்டுவோர் இதைச் சாய்வுச் சோதனை என்பர். அரை நாள் வேலை. மேல்தளத்தில் எத்தனை பேர் வரை ஏறலாம் என்ற எண் இதிலிருந்தே பிறக்க வேண்டும். இருக்கைகளை எண்ணி அந்த எண்ணை முடிவு செய்வது தலைகீழான முறை.

கடலில் செல்லும் பயணிகள் கப்பல்களுக்கு உலகக் கடல்சார் அமைப்பு வகுத்துள்ள நிலைப்பு விதிகளில் ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. பயணிகள் அனைவரும் ஒரு பக்கம் திரண்டாலும் கப்பல் 10 பாகைக்கு மேல் சாயக்கூடாது. கணக்கில் ஆளுக்கு 75 கிலோ கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 4 பேர் நெருக்கி நிற்பதாகக் கொள்ள வேண்டும். அதாவது, மக்கள் ஓடுவார்கள் என்பதை அந்த விதி முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. 'ஓடாதீர்கள்' என்று பலகை எழுதி மாட்டுவதோடு அது நின்றுவிடவில்லை.

சோவியத் ஆற்றுக் கப்பல்கள்

அணைகளால் தேங்கிய நீரில் பல தளப் பயணிகள் கலங்களை மிகப்பெரிய அளவில் ஓட்டிய நாடு சோவியத் ஒன்றியம். ஸ்டாலின் காலத்திலும் அதன் பின்னும் வோல்கா ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்து அணைகள் எழுந்தன. 1952இல் வோல்கா–தோன் கால்வாய் திறக்கப்பட்டது. இரயில் பெட்டியில் போவது போல மக்கள் கப்பலில் நகரம் விட்டு நகரம் போனார்கள். பின்னர் அதுவே வாரக்கணக்கில் நீளும் விடுமுறைப் பயணமாக மாறியது.

இக்கப்பல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரையப்படவில்லை. ஒரே வரைபடத்தில் பத்து, இருபது, நாற்பது என்று கட்டப்பட்டன. ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு திட்ட எண் உண்டு. பெரும்பாலானவை சோவியத் நாட்டில் அல்லாமல் நட்பு நாடுகளின் தளங்களில் கட்டப்பட்டவை. 'ரோதினா' வகை எனப்படும் 588ஆம் திட்டத்தின் முத்தளக் கப்பல்கள் கிழக்கு ஜெர்மனியின் விஸ்மார் நகரிலும், 785ஆம் திட்டத்தின் இருதளக் கப்பல்கள் இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள கோமார்னோ நகரிலும் 1950களில் கட்டப்பட்டன. 1970களில் அதே கோமார்னோவில் 'வலேரியன் குய்பிஷெவ்' வகையைச் சேர்ந்த, 135 மீட்டர் நீளமுள்ள நான்குதளக் கப்பல்கள் உருவாயின. ஒரே வகையில் பல கப்பல் இருப்பதன் நன்மை, ஒன்றில் கண்ட குறையை எல்லாவற்றிலும் திருத்தலாம் என்பது. திருத்தாவிட்டால் அதே குறை எல்லாவற்றிலும் மிதந்துகொண்டிருக்கும்.

சோவியத் பொறியாளர்கள் ஒன்றைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். அணை கட்டியபின் ஆறு, ஆறாக இருப்பதில்லை. வோல்காவின் குய்பிஷெவ் நீர்த்தேக்கம் 6,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. தேக்கடி ஏரியைப் போல 200 மடங்குக்கு மேல். அங்கே புயற்காற்றில் கடல் போல அலை எழும். எனவே அலை உயரத்தை வைத்து உள்நாட்டுக் கப்பல்களை எல், ஆர், ஓ, எம் என்று நான்கு தரமாகப் பிரித்தனர். முறையே 0.6, 1.2, 2, 3 மீட்டர் அலை வரை தாங்கத்தக்கவை. தன் தரத்துக்கு மேற்பட்ட நீரில் கப்பல் இறங்கக்கூடாது.

விதி இருந்தும் விபத்து நடந்தது. 785ஆம் திட்டத்தில் 1955இல் கட்டப்பட்ட 'பல்கேரியா', சோவியத் ஆட்சி மறைந்து இருபதாண்டுக்குப் பின் தனியார் கைகளில் ஓடிக்கொண்டிருந்தது. 2011 ஜூலை 10 அன்று குய்பிஷெவ் நீர்த்தேக்கத்தில் மழையும் காற்றும் அடித்த பகல் வேளையில் சில நிமிடங்களில் அது மூழ்கியது. கப்பலில் இருந்த 201 பேரில் 122 பேர் இறந்தனர். பட்டியலில் பெயர் இல்லாத பயணிகளும் அதில் இருந்தனர். புறப்படும்போதே கப்பல் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. இரு முதன்மை இயந்திரங்களில் ஒன்று வேலை செய்யவில்லை. வெக்கைக்காகக் கீழ்ப்பகுதியின் வட்டச் சன்னல்கள் திறந்து கிடந்தன. திரும்பும்போது காற்று பக்கவாட்டில் தாக்கிச் சாய்த்தது. திறந்த சன்னல்கள் நீர்மட்டத்துக்குக் கீழே போயின. அதன்பின் நடந்தது தாம்பாளத்துத் தண்ணீரின் கதையேதான். குழந்தைகள் பலர் உள்ளே விளையாட்டுக் கூடத்தில் கூடியிருந்தனர்.

இங்கே எவரும் விலங்கைப் பார்க்க ஓடவில்லை. தேக்கடியில் கலம் இரண்டு மாதப் புதிது, வோல்காவில் 56 ஆண்டுப் பழையது. இரண்டும் சாய்ந்தன, நிமிரவில்லை. வயதைக் கொண்டோ பளபளப்பைக் கொண்டோ ஒரு கலத்தின் பாதுகாப்பை மதிப்பிடும் பழக்கத்துக்கு இவ்விரண்டும் சேர்ந்து பதில் சொல்கின்றன. ரஷ்ய வழக்கில் ஒரு வேறுபாடு உண்டு. கப்பலை இயக்கிய நிறுவனத்தின் தலைமையும், தகுதிச் சான்று வழங்கிய ஆய்வாளரும் மூன்றாண்டுக்குள் தண்டிக்கப்பட்டனர்.

கேரளத்தின் மற்ற விபத்துகள்

தேக்கடிக்கு ஏழாண்டு முன்னரே, 2002 ஜூலை 27 அன்று வேம்பநாட்டுக் காயலில் முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற அரசு நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு மூழ்கி 29 பேர் இறந்தனர். தேர்வாணையத் தேர்வு எழுதப் போன இளைஞர்கள் நிறைந்திருந்த படகு அது. நீதிபதி நாராயண குருப்பு ஆணையம் அமைக்கப்பட்டது, பரிந்துரைகள் தரப்பட்டன. தேக்கடிக்குப் பிறகு, 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடி படகை மாற்றிக் கட்டிய இருதளச் சுற்றுலாப் படகு இருட்டும் வேளையில் கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். மீண்டும் ஓர் ஆணையம். வலையும் மீனும் ஏற்றும் படகில் பாரம் அடியில் இருக்கும். அதன் மேல் ஒரு தளம் கட்டி ஆட்களை ஏற்றினால் அது வேறு கலம் ஆகிவிடும் என்பதைத் தூக்குக்குண்டு அரை நாளில் சொல்லியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலா சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர்.

சட்டம்

உள்நாட்டு நீர்நிலைக் கலங்களுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டமே நூறாண்டுக்கும் மேலாக இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இல் வந்தது. பதிவு, ஆய்வுச் சான்று, பணியாளர் தகுதி, காப்பீடு ஆகியவற்றை இது ஒழுங்குபடுத்துகிறது. அலை உயரத்தைக் கொண்டு நீர்நிலைகளை மண்டலங்களாகப் பிரிக்கும் முறையும் இதில் இடம்பெற்றுள்ளது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. கேரளப் படகுகளில் சிராங்கு, டிரைவர், லஸ்கர் என்று மூன்று வகைப் பணியாளர் இருப்பர். சுக்கானைப் பிடிப்பவர் சிராங்கு, இயந்திரத்தைப் பார்ப்பவர் டிரைவர், கயிறு கட்டுவதும் பயணிகளை அமர வைப்பதும் லஸ்கரின் வேலை. மூன்றாமவரைச் சாதாரண உதவியாளராக எண்ணக்கூடாது. மேல்தளத்துக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்க்கும் இடத்தில் இருப்பவர் அவரே.

தமிழ்நாட்டுப் படகுகள்

ஏரி கேரள நிலத்தில் இருந்தாலும் அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. தேக்கடியிலிருந்து அணைக்குச் செல்லும் பொறியாளர்களுக்காகத் தமிழகப் பொதுப்பணித் துறை 'கண்ணகி', 'ஜலரத்னா' என்ற படகுகளை வைத்திருந்தது. அவை பழமையடைந்ததால் 'தமிழன்னை' என்ற புதிய படகு வாங்கப்பட்டது. கேரளத்தின் அனுமதி கிடைக்காமல் அது ஆண்டுக்கணக்கில் கரையோரமே நின்றது. இரு மாநில நீர்த் தகராறு படகின் மீதும் ஏறி அமர்ந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இன்றைய நடைமுறை

2009க்குப் பின் தேக்கடியில் ஒவ்வொரு பயணியும் உயிர்காப்புச் சட்டை அணிவது கட்டாயமாக்கப்பட்டது. சட்டை தைக்கப்பட்டிருப்பது பெரியவர் அளவுக்கு. சிறு பிள்ளைக்கு அதை மாட்டினால் நீரில் சட்டை மட்டும் மேலே வர, பிள்ளை கீழே நழுவக்கூடும். குழந்தை அளவுச் சட்டையைக் கேட்டு வாங்குவதும், கால்களுக்கிடையே வரும் பட்டை இருந்தால் அதைக் கட்டுவதும் அவசியம். சட்டையின் முன்பட்டைகளைக் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு படம் எடுப்பது படகுத்துறையில் அன்றாடக் காட்சி. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது நல்லது.

ஏறுமுன் துறையில் நின்றே சிலவற்றைப் பார்க்கலாம். அனுமதிக்கப்பட்ட பயணிகள் எண்ணிக்கை படகின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி எண் இருக்கிறதா? ஆளில்லாமல் கட்டி நிற்கும் படகு நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? ஆள் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் அசைந்துவிட்டு உடனே நிமிர்கிறதா, அல்லது மெதுவாகச் சாய்ந்து, தயங்கி, மெதுவாகவே திரும்புகிறதா? மெதுவாக ஆடும் படகு பயணிக்குச் சுகமாக இருக்கும். நிலைப்பு உயரம் குறைந்த படகின் ஆட்டமும் அப்படித்தான் இருக்கும்.